கைக்குள் அடங்கும் வானூர்தி



இம்முறை ஒரு பொழுதுபோக்கையே பாடமாக எடுத்துக்கொள்வோம். சிறிய வானூர்தியொன்றைத் தம் கையாலே செய்து, தரையில் நின்றபடியே வானொலி அலைகளால் இயக்கிப் பறக்கவிடும் கலையே அது. விளையாட்டுப்போலத் தோன்றினும், ஆண்டுக்கணக்கில் இதில் ஈடுபடுவோரிடம் அறிவும் பொறுமையும் ஒருங்கே வளர்கின்றன.

இயங்கும் முறை

பறக்கும் வானூர்தியின்மேல் நான்கு விசைகள் செயற்படுகின்றன. எடை அதனைக் கீழே இழுக்கும். இறக்கை தரும் தூக்குவிசை மேலே எழுப்பும். விசிறி தரும் உந்துவிசை முன்னே செலுத்தும். காற்றின் எதிர்ப்பு பின்னே இழுக்கும். கையிலுள்ள கருவியின் கோலை அசைத்ததும், அலையானது வானூர்தியிலுள்ள வாங்கியை அடைகின்றது. அங்குள்ள சிறு மோட்டார்கள் வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்புகின்றன.

வானூர்தி நம்மை விட்டு அகலும்போது அதன் வலம் நமக்கும் வலமே. நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகும். புதியவர் தடுமாறுவது இவ்விடத்திலேதான்.

நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியை நினைத்துப் பாருங்கள். முச்சை பிழைத்தால் பட்டம் சுழன்று விழும். எடையின் நடுப்புள்ளி பிழைத்தால் சிறுவானூர்தியும் விழும்.

விடாமுயற்சியாளர்

1937ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் வோல்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் ‘கஃப்’ என்ற வானூர்தியை வானொலி அலையாற் பறக்கவிட்டனர். இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய அது பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

மேனார்ட் ஹில் என்பவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இக்கலைக்கே அளித்தவர். முந்தைய முயற்சிகள் தோல்வியுற்ற பின்னரும் தளராது, 2003 ஆகஸ்டில், தமது 77ஆம் வயதில், பார்வையும் செவிப்புலனும் பெரிதும் குன்றிய நிலையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து சிறுவானூர்தியொன்றை ஏவினார். ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுடைய அது, தானியங்கிக் கருவியின் துணையுடன் ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்து, அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது.

தமிழகத்திலும் சான்று உண்டு. சென்னை குரோம்பேட்டையில் 1949இல் நிறுவப்பட்டதும், அப்துல் கலாம் பயின்றதுமாகிய எம்.ஐ.டி. கல்லூரியின் ‘தக்ஷா’ மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவிலுள்ள நோயாளியிடமிருந்து இரத்த மாதிரியைப் பெற்று வருவதே போட்டியின் பணி. சிறுவானூர்தி செய்வதிற் பல்லாண்டு ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார் அக்குழுவிற்கு ஆலோசகராய் விளங்கினார்.

எதைச் சுமப்பது?

ஈழத்தின் வடபுலத்தில் நான் ஆசிரியனாயிருந்த நாள்களில், வானில் இரைச்சல் கேட்டதும் மாணவரைப் பதுங்குகுழியில் இறக்குவதே முதற்கடமை. தூக்குவிசை என்னும் சொல்லை அறியுமுன்பே, ஒலியைக் கொண்டு விமானத்தை இனங்காண அப்பிள்ளைகள் அறிந்திருந்தனர். வானூர்திக்கு நன்மை தீமை தெரியாது. அது இரத்த மாதிரியையும் சுமக்கும், வெடிபொருளையும் சுமக்கும். எதை ஏற்றுவதென்று தீர்மானிப்பவன் மனிதனே.

பெற்றோர்களே, அவ்வொலி கேட்டால் உங்களிற் சிலருக்கு இன்றும் நெஞ்சு பதறும் என்பதை அறிவேன். எனினும், பிள்ளை இக்கலையை விரும்பிக் கேட்டால் மறுக்காதீர்கள். அச்சமின்றி வானை நிமிர்ந்து பார்க்கும் பேறு அவர்களுக்கேனும் வாய்க்கட்டும்.

சட்டத்தை மட்டும் மறவாதீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதாயின் பதிவுசெய்தல் வேண்டும். பாதுகாப்பு அறிவுத் தேர்விலும் தேறவேண்டும். பொதுவாக 400 அடிக்கு மேலே செலுத்தலாகாது, கண்பார்வையினின்றும் அகலவிடலாகாது. பிரிட்ஜ்வாட்டரை அண்டிச் சோல்பர்க், சோமர்செற் முதலிய சிறு விமானத்தளங்கள் உள்ளமையால் இங்கே கூடுதற் கவனம் தேவை.

பயிற்சி

1. வானூர்தியின்மேற் செயற்படும் நான்கு விசைகள் யாவை?
2. வானூர்தி நம்மை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறித் தோன்றுவது ஏன்?
3. நீவிர் ஒரு சிறுவானூர்தி செய்தால் அதில் எதனை ஏற்றி, யாரிடம் அனுப்புவீர்? பத்து வரிகளில் எழுதிப் பெற்றோர்க்கு வாசித்துக் காட்டுக.