சேர்த்தெழுதலும் பிரித்தெழுதலும்

காதில் ஒன்றாக விழும் சில ஆங்கிலச் சொற்களை எழுதும்போது சேர்ப்பதா, பிரிப்பதா என்று வியாபார அன்பர்கள் பலர் கேட்கின்றனர். இது நமக்குப் புதிதன்று. 'பலகை' என்றால் மரப்பலகை. 'பல கை' என்றால் பல கைகள். ஆங்கிலத்திலும் இடைவெளி பொருளை மாற்றும். கடையில் அடிக்கடி வருபவற்றை மட்டும் இங்குக் காண்போம்.

1. எனிஒன்: சேர்த்தால் யாரேனும் ஓர் ஆள். 'எனி ஒன்' எனப் பிரித்தால் இவற்றுள் ஏதேனும் ஒன்று. கோப்பைகளைக் குவித்து, 'எதை எடுத்தாலும் 2 வெள்ளி' என்று எழுத எண்ணுபவர் சேர்த்தெழுதினால், ஆளை விலை கூறியதுபோல் ஆகிவிடும்!

2. எவ்ரிஒன்: சேர்த்தால் மனிதர் எல்லாரும், பிரித்தால் ஒவ்வொன்றும். 'மூட்டைகளில் ஒவ்வொன்றும் நனைந்திருந்தது' என்று மொத்த வியாபாரிக்கு எழுதும்போது பிரித்தே எழுதுக. அடுத்து 'ஆஃப்' வந்தால் பிரிக்க வேண்டும் என்பது எளிய அடையாளம்.

3. எவ்ரிடே: 'கடை தினமும் திறந்திருக்கும்' என்பதற்குப் பிரித்தெழுதுக. சேர்த்தால் 'அன்றாட' என்று பொருள். அன்றாடம் உடுத்தும் துணிக்கு அது பொருந்தும். 'எவ்ரி' இருக்குமிடத்தில் 'ஈச்' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் இரண்டு சொல்.

4. ஆல்ரெடி: சேர்த்தால் 'முன்பே', அப்போது 'எல்' எழுத்து ஒன்றே. பிரித்தால் 'எல்லாம் தயார்', 'எல்' இரண்டு. 'சரக்கெல்லாம் தயார்' என்று தெரிவிக்க வேண்டியவர் சேர்த்தெழுதினால், வாங்குபவர் என்ன நினைப்பார்? முன்பே அனுப்பியாயிற்றா, முன்பே விற்றாயிற்றா என மயங்குவார். லாரி அனுப்பத் தயங்குவார். ஒரு நாள் வியாபாரம் கெடும். 'ஆல்' என்பதை நீக்கிப் படியுங்கள். 'சரக்குத் தயார்' என்ற கருத்து நின்றால் பிரிக்க வேண்டும்.

5. மேபி: சேர்த்தால் 'ஒருவேளை', பிரித்தால் 'இருக்கலாம்'. 'கப்பல் தாமதமாக இருக்கலாம்' என்பதில் இரண்டு சொல்.

6. பிக்கப்: சரக்கை வந்து எடுத்துச் செல்லும் செயலைச் சொன்னால் இரண்டு சொல், சிறு லாரியின் பெயரானால் ஒரு சொல். நேற்று நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள். 'பிக்ட் அப்' என்று நடுவில் இறந்தகாலம் நுழையுமானால் அது செயல்.

மாறாதவையும் உண்டு. 'நிறைய' எனும் பொருளில் வரும் 'எ லாட்' என்றும் இரண்டு சொல். 'முடியாது' எனும் 'கேனாட்' பெரும்பாலும் ஒரு சொல். கடித முடிவில் வரும் 'தேங்க் யூ' இரண்டு சொல்.

உரக்கப் படித்தால் இப்பிழைகள் புலப்படா. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, கடிதத்தை உறையிலிடுமுன் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்போம். ஐயம் வந்தால் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளைக் கேட்பதில் இழுக்கில்லை. எடையில் காட்டும் நிதானத்தை எழுத்திலும் காட்டுவோமாக.