கேன் பஸ்ஸில் மூன்றாவது ரெசிஸ்டர்

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 போர்டிலேயே கேன் வசதி இருக்கிறது என்கிறார்கள். காரின் ஓபிடி சாக்கெட்டிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து நேரடியாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சிப்புக்குள் இருப்பது கன்ட்ரோலர் மட்டும்தான். பஸ் சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரும் சுமார் 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி ஓடும்போது 'கேன் ஹை' 3.5 வரை ஏறும், 'கேன் லோ' 1.5க்கு இறங்கும். இந்த வித்தியாசத்தைப் படித்துச் சொல்ல நடுவில் டிரான்ஸீவர் வேண்டும். 3.3 வோல்ட்டில் ஓடும் எஸ்என்65எச்விடி230 உங்களுக்குப் பொருந்தும்.

ஆனால் வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்கும் டிரான்ஸீவர் போர்டுகள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தே வரும். காரின் பஸ்ஸில் இரு முனையிலும் அது ஏற்கெனவே உண்டு. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் 60 ஓம் பக்கம் காட்டும். உங்கள் போர்டைச் சேர்த்ததும் 40க்கு இறங்கினால், போர்டில் இருக்கும் ரெசிஸ்டரைக் கழற்றியே ஆகவேண்டும்.

வேகம் பல கார்களில் 500 கிலோபிட். தப்பான வேகத்தில் நுழைந்தால் உங்கள் போர்டு பிழைச் செய்தி அனுப்பி மற்றவர்கள் பேச்சையும் கெடுக்கும். அதனால் முதலில் சைலன்ட் மோடில் கேட்க மட்டும் செய்யுங்கள், அதுவும் வண்டி நிற்கும்போது.

வீட்டு மேஜையில் ஒற்றைப் போர்டை வைத்துச் சோதித்துவிட்டு 'ரிப்பேர்' என்று தூக்கிப் போடாதீர்கள். கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள இன்னொரு போர்டு இல்லாவிட்டால், அது அனுப்பியதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.