சோறு போட்டால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நாய் நன்றியுள்ள பிராணி என்று ஆரம்பப் பள்ளி நாளிலிருந்து எழுதி வருகிறோம். நாய்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை என்ன என்று எழுதும்படி எவரும் நம்மைக் கேட்டதில்லை. அந்தப் பாடத்தைச் சென்ற கோடை விடுமுறையில்தான் நான் கற்றேன். கற்பித்தவர் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர்.

நடந்தது இது

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு. ஒருநாள் அது தின்றுகொண்டிருந்த சட்டியில் என் எட்டு வயதுத் தம்பி விளையாட்டாகக் கையை விட்டான். மணி கவ்விவிட்டது. புறங்கையில் பல் பதிந்து இரத்தம் வந்தது.

அப்பத்தா சுண்ணாம்பு டப்பியோடு ஓடி வந்தார். "நம்ம மணிதானடா, வெறிநாயா என்ன? வளத்த நாய்க்கு விசம் கெடையாது" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் களையெடுப்புக் கூலி போய்விடுமே என்று அம்மாவுக்குக் கவலை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் என் சொல் எடுபடுமா என்று எனக்கே ஐயம். ஆயினும் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. தம்பியைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினேன். வெறிநோய் வைரசுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அவ்வுறையைச் சிதைத்துவிடும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் புண்ணை மேலும் புண்ணாக்குமே தவிரப் பயன் தரமாட்டா.

அரசு மருத்துவமனையில், இரத்தம் வந்த காயமாதலால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசி போட்டார்கள். இரு புயங்களிலும் தோலுக்குள் தடுப்பூசியும் போட்டு, 3, 7, 28 ஆம் நாட்களில் மீண்டும் வரச் சொன்னார்கள். "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, இம்புட்டுத்தானா?" என்று அப்பத்தா வியந்தார்.

ஊசியின் வரலாறு

அப்பத்தா சொன்னது பொய்யன்று. 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அம்மருந்து செய்யப்பட்டது. சிறுவனைப் பாரிசுக்கு அழைத்து வந்தவர் அவனுடைய தாய். அவன் பிழைத்தான். நம் தமிழகத்தில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 இல் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தே நம் நாட்டில் நெடுங்காலம் வயிற்றில் போடப்பட்டு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, உயிரணு வளர்ப்பு முறையில் செய்யும் தடுப்பூசி அதன் இடத்தைப் பெற்றது.

பத்து நாட்கள்

தம்பிக்கு வழி பிறந்தது. மணிக்கு? "அடிச்சுப் போட்டுரணும், இல்லேன்னா சாக்குல கட்டி அடுத்த ஊர்ல விட்டுரணும்" என்றார் அப்பா. நான் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"தம்பி, ரெண்டும் செய்யாதீங்க. கட்டிப் போட்டு, சோறு தண்ணி வச்சு, பத்து நாள் பாருங்க" என்றார் அவர். காரணமும் விளக்கினார். வெறிநோய் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூளையை அடைந்த பின்னரே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. ஆகவே கடித்த நாளில் நாயின் எச்சிலில் வைரஸ் இருந்திருக்குமானால், அந்த நாய் பத்து நாட்களுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். அதை அடித்துக் கொன்றாலோ துரத்தினாலோ இவ்வுண்மையை அறியும் வாய்ப்புப் போய்விடும். "ஆனா பத்து நாள் பாத்துட்டு ஊசி போடலாம்னு மட்டும் இருந்துராதீங்க. அறிகுறி வந்துட்டா மனுசனைக் காப்பாத்த முடியாது" என்று எச்சரித்தார்.

அந்தப் பத்து நாட்களும் எழுந்தவுடன் வேப்பமரத்தடிக்குத்தான் ஓடுவேன். மணி தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். பதினோராம் நாள் காலையிலும் அது வாலாட்டியது. அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவர் சொன்னது

மணியைத் தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் சொன்னவை என் மனத்தில் நிற்கின்றன. "மாட்டுக்கு ஒண்ணுன்னா ராத்திரியில கூட வந்து கதவத் தட்டுறாங்க. நாயக் கூட்டிட்டு வர்றவங்க ரொம்பக் குறைவு. மாடு பால் குடுக்குது, நாய் என்ன குடுக்குதுன்னு நெனைக்கிறாங்க. சோறு போட்டா வளத்தாச்சா தம்பி?"

அவர் தந்த அறிவுரைகள் இவை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு முன் போட்டால், தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்பொருள்கள் ஊசியின் பயனைக் குறைத்துவிடக் கூடும். பின்னர் மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தேவை. தின்னும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் தொடலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே! மணியிடம் எங்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. நாங்கள் உண்ட பிறகு அதற்கும் ஒரு பிடி வைத்தோம். ஆனால் ஓர் ஊசி போடத் தவறினோம். அந்த ஒரு தவறு தம்பியின் உயிரையும் மணியின் உயிரையும் ஒரே கயிற்றில் தொங்கவிட்டது. ஜூலை 6 ஆம் நாளையும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 ஆம் நாளையும் ஒட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. நம்மில் பலரும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். அடுத்த முகாமுக்கு உங்கள் தெரு நாய்களில் ஒன்றையாவது அழைத்துச் செல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டிலிருப்பதன் பயன் அன்றைக்கு உங்கள் வீட்டாருக்கும் விளங்கும்.