பற்றிப் பிரிக்கும் பொருள்கள்: மண்ணும் கரியும் கிணற்று நீரும்

கமக்காரர் நிலத்துக்கிடும் உரத்தில் ஒரு பங்கு பயிரைச் சேராது நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. இதனால் உரத்துக்குச் செலவிட்ட பணம் வீணாவதோடு குடிநீர்க் கிணறும் கெடுகின்றது. இவ்விழப்பைக் குறைப்பதற்கும், கெட்ட நீரைத் திருத்துவதற்கும் உதவக்கூடிய பொருள்கள் சில, உமியாகவும் சிரட்டையாகவும் நம்மிடையே கழிவாய்க் கிடக்கின்றன. எனினும், எப்பொருள் எதைப் பற்றும், எதைப் பற்றாது என அறியாது அவற்றை நம்புதல் தீங்காகவும் முடியலாம். அவ்வேறுபாட்டை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. புறத்துறிஞ்சல்

பஞ்சு நீரைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்வது உறிஞ்சல் எனப்படும். ஒரு திண்மத்தின் மேற்பரப்பிலே பிறிதொரு பொருள் ஒட்டிக்கொள்வது புறத்துறிஞ்சல் எனப்படும். ஆகவே, மேற்பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பற்றும் ஆற்றலும் பெரிதாகும். சிரட்டையைக் காற்றுக் குறைந்த சூளையிற் கரியாக்கி, அக்கரியை 800 பாகை சதமத்துக்கு மேற்பட்ட வெப்பத்தில் கொதிநீராவியாற் பதப்படுத்தினால், அதில் எண்ணிறந்த நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே உயிர்ப்பூட்டிய கரியாகும். இதன் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர், அதாவது நான்கு பரப்புக் காணிக்குச் சமமாகும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் தென்னைப் பொருள்களுள் இதுவும் ஒன்று. அடுப்புக்கரிக்கு இவ்வாற்றல் மிகக் குறைவு.

2. மண் கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் யோக்சயரைச் சேர்ந்த தொம்சன் என்னும் கமக்காரர், மண் நிரப்பிய குழாயினூடாக அமோனியம் சல்பேற்றுக் கரைசலை வடியவிட்டார். கீழே வந்த நீரில் அமோனியத்துக்குப் பதிலாகக் கல்சியமே மிகுந்திருந்தது. இம்முடிவு 1850 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வே என்னும் இரசாயனர் அதனை மேலும் ஆராய்ந்து, களிமண் ஓர் அயனைப் பற்றிக்கொண்டு வேறோர் அயனை விடுகின்றது எனக் காட்டினார். 1935 இல் ஆடம்சு, ஓம்சு என்னும் இருவர் இத்தொழிலையே புரியும் செயற்கைப் பிசின்களை ஆக்கினர். இன்று நீரின் வன்மையை நீக்கும் பிசின்கள் அவ்வழி வந்த பல்பகுதியங்களே. கமக்காரர் ஒருவர் தம் மண்ணிற் கண்ட உண்மை இவ்வாறு ஒரு பெருந்தொழிலுக்கு அடிகோலிற்று.

இப்பாடத்திற் கமக்காரர் முதன்மையாகக் கவனிக்கற்பாலது யாதெனில், களியின் மேற்பரப்பு எதிரேற்றமுடையது என்பதாகும். அது நேரேற்றமுடைய அமோனியத்தைப் பற்றும். எதிரேற்றமுடைய நைத்திரேற்றைப் பற்றாது. யூரியாவும் அமோனியமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நாளடைவில் நைத்திரேற்றாக மாறுகின்றன. அதன்பின் கடும் மழையோ, மிகையான நீர்ப்பாய்ச்சலோ அதனைக் கீழே கொண்டுசெல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே அது கிணற்றை அடைதல் எளிது. வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளிற் புலனாகியுள்ளது.

3. உமிக்கரி

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாகும். பக்கங்களில் துளையிட்டு, மேலே புகைக்குழாய் பொருத்திய தகரமொன்றினுள் தீமூட்டி, அதைச் சுற்றி உமியைக் குவிக்க வேண்டும். கருமை வெளிப்புறத்துக்குப் பரவும்போது மண்வெட்டியாற் புரட்டிவிட வேண்டும். முழுவதும் கறுத்தவுடன் பரப்பி, நீர் தெளித்து நன்றாக அணைக்க வேண்டும். காலந் தாழ்த்தினாற் கரி எரிந்து வெண்சாம்பலாகிவிடும். சாம்பலுக்கு அந்நுண்துளைகள் இல்லை.

இக்கரியைத் தனியே இடாது, மாட்டெருவுடனோ கூட்டெருவுடனோ கலந்து இடுதல் நன்று. அது ஈரத்தையும் அமோனியத்தையும் ஓரளவு நிறுத்திவைக்கும். இது சற்றே காரத்தன்மையுடையதாகையால் அமில மண்ணுக்கு உகந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அளவறிந்து இடுக. உமிக்கரி உரமன்று. நைதரசன் உரத்தைப் பயிரின் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக இடுதலே நைத்திரேற்று இழப்பைக் குறைக்கும் முதல் வழியாகும்.

4. குடிநீரிற் கரியின் பயனும் எல்லையும்

கரி வடிகட்டியினூடாக வந்த நீர் தெளிவாகவும் மணமற்றும் இருப்பதால், அது முற்றும் தூயதென எண்ணுதல் தவறு.

(அ) உயிர்ப்பூட்டிய கரி நிறம், மணம், குளோரீன், பூச்சிநாசினிகள் பல ஆகியவற்றைப் பற்றும்.

(ஆ) நைத்திரேற்றையும், வன்மை தரும் உப்புக்களையும் அது நீக்காது. நைத்திரேற்றுக்கு அயன்மாற்றுப் பிசினோ, பல்பகுதிய மென்சவ்வினூடாக நீரை அழுத்திப் பிரிக்கும் நேர்மாறு பிரசாரண முறையோ வேண்டும்.

(இ) உலர்வலயக் கிணறுகள் பலவற்றிலுள்ள புளோரைட்டைத் தாவரக்கரி போதிய அளவில் நீக்காது. விலங்கெலும்பைப் பதமாகக் கரியாக்கினால், அதிலுள்ள கல்சியம் பொசுபேற்று அதனைப் பற்றும். இதனை வீட்டிற் செய்ய முயலற்க. வெப்பம் குறைந்தால் நீர் நாறும், மிகுந்தாற் பற்றும் ஆற்றல் குன்றும்.

(ஈ) கரி கிருமிகளைக் கொல்லாது. நெடுநாள் மாற்றாத கரியிற் கிருமிகள் பெருகவும் கூடும். கரியின் இடமனைத்தும் நிரம்பியபின் அது எதையும் பற்றாது. ஆதலால் குறித்த காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

5. கைக்குழந்தையுள்ள வீட்டார்க்கு

உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் இலீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராமும், புளோரைட்டு 1.5 மில்லிகிராமும் மேல்வரம்பாகக் குறித்துள்ளது. மிகையான நைத்திரேற்றுள்ள நீரிற் பால்மாவைக் கரைத்து ஊட்டினால், சில மாதக் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கும். உதடும் தோலும் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்கவைத்தல் இதற்குப் பரிகாரமன்று. நீர் ஆவியாகக் குறைய, நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே, தாய்ப்பாலே ஊட்டுக. பால்மா ஊட்ட நேர்ந்தால், சோதித்து நலமெனக் கண்ட நீரையே கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துக.

6. நினைவிற் கொள்ள வேண்டியவை

கிணற்று நீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் சோதிப்பித்து, அதிலுள்ளது யாதென முதலில் அறிக. அதன்பின்னரே அதற்கேற்ற வடிகட்டியைத் தெரிக. எருக்குவியலையும் மலக்குழியையும் கிணற்றுக்குத் தொலைவில் அமைக்குக. உரத்தின் அளவையும் இடுங்காலத்தையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து இடுக. கிணற்றிற் கலந்த நைத்திரேற்றை நீக்குதல் பெருஞ்செலவாகும்; அது கலவாது தடுத்தல் கமக்காரர் கையிலேயே உள்ளது.