ஏரி நீரில் கண்ணாடி ஓட்டுப் பாசி

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டு வரும் பங்காரு வாய்க்காலிலும், வில்லியனூர்ப் பகுதியின் ஊசுட்டேரியிலும் கற்களின் மேல் வழுவழுப்பான பழுப்புப் படலம் படிவதுண்டு. பலரும் அதை அழுக்கு என்று எண்ணுவர். அதில் பெரும்பங்கு டயாட்டம் எனும் உயிருள்ள நுண்பாசியாகும்.

இது ஒரே செல்லால் ஆனது, கண்ணுக்குத் தெரியாது. இதன் ஓடு சிலிக்காவால், அதாவது கண்ணாடிக்குரிய பொருளால் ஆனது. டப்பாவும் மூடியும் போல இரு பாதிகள் பொருந்தியிருக்கும். செல் பிரியும்போது ஒவ்வொரு சேயும் ஒரு பாதியைப் பெற்று, மறு பாதியைப் புதிதாக அமைத்துக் கொள்கிறது.

வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, நீரில் பிராணவாயுவை விடுகிறது. உலகத் தாவர இனங்கள் தயாரிக்கும் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களுடையது. இதைத் தின்று நீர்ப்பூச்சிகளும் நத்தைகளும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. அவற்றை நம்பிப் பறவைகள் வருகின்றன. சில வகைகள் நல்ல நீரிலும், சில கெட்ட நீரிலும் வாழும். ஆகவே, வகையைப் பார்த்து நீரின் தரத்தை விஞ்ஞானிகள் கணிக்கின்றனர்.

வயலில் இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மழையில் கரைந்து ஏரியில் மிகுந்தால் டயாட்டம் முதலில் பெருகும். நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் அதன் வளர்ச்சி நின்றுவிடும். சிலிக்கா தேவைப்படாத நீலப்பச்சைப் பாசி அந்த இடத்தைப் பிடிக்கும். அது அழுகும்போது பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். சிலவகை நீலப்பச்சைப் பாசியில் நஞ்சும் உண்டு. பச்சை ஏடு படர்ந்த நீரைக் கால்நடைகளுக்குக் காட்டக் கூடாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. மண் பரிசோதனைப்படி உரமிட வேண்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும்.

2. பெருமழை வரும் அறிகுறி இருந்தால் உரமிடுவதைத் தள்ளிப் போடலாம். உரமிட்டவுடன் வயல் நீரை வடிக்கக் கூடாது.

3. வாய்க்கால் ஓரப் புல்லை அடியோடு செதுக்காமல் விட்டால், அது மண்ணையும் உரத்தையும் தடுத்து நிறுத்தும்.

4. நெல்லும் சிலிக்காவை விரும்பி உண்ணும் பயிரே. வைக்கோலை எரிக்காமல் மக்க வைத்து வயலுக்கே திருப்பினால் பயிர் சாயாமல் உறுதியாக நிற்கும்.

வயலில் உரம் தங்கினால் செலவு மிச்சம். ஏரியில் மீனும் மிச்சம்.