விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு

ஊனச் சான்றிதழில் 40 சதவீதம் என்று இருந்தால் வருமான இழப்பும் 40 சதவீதம்தான் என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். ஒரு கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடுகிறது. அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2010-லேயே இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட்டது. அதனால் முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரின் வேலையைப் பற்றி விரிவாகக் கேளுங்கள். எவ்வளவு பாரம் தூக்குவார்? ஏணி ஏறுவாரா? குந்தி உட்கார்ந்து செய்யும் வேலையா? முடிந்தால் பட்டறைக்கே போய்ப் பாருங்கள். டாக்டரைச் சாட்சியாக விசாரிக்கும்போது இந்த விவரங்கள்தான் கைகொடுக்கும்.

ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். 'தவறி விழுந்தார்' என்று அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு வரியை இன்சூரன்ஸ் தரப்பு குறுக்கு விசாரணையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

மருந்துக்கடை ரசீதில் எழுத்து மங்கும். உடனே ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைக்கும் மனைவியின் உழைப்பைப் பலர் மனுவில் கேட்பதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். உதவியாளர் செலவை வயதுக்கேற்ற பெருக்கி எண்ணைக் கொண்டு கணக்கிடலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனித் தலைப்பிட்டுக் கேளுங்கள். அந்த அம்மாவையும் சாட்சி சொல்ல வையுங்கள்.