குறுமண்டலத்தின் நடுவிடம்

விண்மீன்கள் எல்லாம் ஒரே வயதின அல்ல; ஒரே பொருளால் ஆயினவும் அல்ல. அவற்றின் வயதும் பொருளும் அறியப்படுமாற்றையும், அவ்வறிவு ஒரு சிறு மண்டலத்தின் வரலாற்றைக் காட்டுமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் பொருள். ஆதியில் விண்ணிற் பரந்த வாயு பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. ஏனைய தனிமங்கள் அனைத்தையும் வானநூலார் உலோகம் என்றே வழங்குவர். பெரிய மீன்கள் வெடித்து மடியுங்கால், தம் அகத்தே விளைந்த இரும்பு முதலியவற்றை வெளியே சிதறுகின்றன. அவ்வாயுவிற் பிறக்கும் அடுத்த தலைமுறை உலோகம் மிக்கதாகும். மீனொளியை நிறமாலையாகப் பிரிப்பின், இக்கலப்பு கருங்கோடுகளாய்ப் புலப்படும்.

இனி வயது. ஒருங்கு பிறந்த மீன்களுள் பருத்தவை முன்னர் மடியும். சிறியவை நெடிது வாழும். ஆதலின், ஒரு திரளில் எவ்வளவு பருமனுள்ளவை இன்னும் இயல்பாய் எரிகின்றன என்று கண்டு, அதன் வயதைக் கணிப்பர்.

1778-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மெசியே என்பார் தனுசு இராசியில் மங்கலான ஒளித்திட்டொன்றைக் கண்டு, தம் பட்டியலில் 54-ஆம் எண்ணாக வரைந்தார். அது பால்வீதியைச் சார்ந்த திரள் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1994-இல் இபாட்டா, கில்மோர், இர்வின் என்னும் மூவர், பால்வீதியின் மையத்திற்கும் அப்பால் ஒரு குறுமண்டலம் மறைந்திருத்தலைக் கண்டனர். மெசியே கண்ட திரள் அதன் நடுவிடத்தே உள்ளது.

அந்நடுவிடத்தில் முதியனவும் இளையனவும் கலந்துறைகின்றன. முதிய மீன்களின் வயது ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டு. அவற்றின் உலோகம் ஞாயிற்றிலுள்ளதில் 25-இல் ஒரு பங்களவே. இளையவற்றின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. உலோகத்தில் அவை ஞாயிற்றை ஒப்பன. காரணம் யாதெனின், குறுமண்டலத்தின் ஈர்ப்பு மெலிதாதலின் அதன் வாயு எளிதில் வெளியேறிவிடும். நடுவிடத்திலோ ஈர்ப்பு வலிதாதலின், வாயு ஆங்கே தங்கிப் பின்னும் மீன்களை ஈன்றது.

இக்குறுமண்டலத்தைப் பால்வீதி இழுத்துச் சிதைத்து வருகின்றது. அதன் மீன்கள் நீண்ட தாரையாய் நம் மண்டலத்தைச் சூழ்ந்துள்ளன. புறமெல்லாம் சிதைந்த பின்னும் செறிந்த நடுவிடம் எஞ்சக்கூடும். ஒமேகா சென்டாரி என்னும் பெருந்திரள் அங்ஙனம் எஞ்சியதே என அறிஞர் பலர் கருதுவர்.

படைப்பு ஆறு நாளில் முடிந்த தொழில் என்றே நாம் சிறுபருவத்திற் பயின்றோம். அது கோடானுகோடி ஆண்டுகளாக நிகழ்ந்து வருவதென இம்மீன்கள் உணர்த்துகின்றன. நம் குருதியிலுள்ள இரும்பும் மடிந்த மீன்களின் கொடையன்றோ? காலத்தின் நெடுமையை அறிந்ததனால் ஆக்கியோன் பெருமை நம் உள்ளத்திற் குறைந்திலது, மிகுந்ததே யாம்.